ஓடு நூறு வருஷம் தாங்கும். ஓட்டைத் தாங்குவது யார்?

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில் உத்தமபாளையம் பக்கம் ஒரு காலனிக்குப் போயிருந்தேன். முதியோர் பென்ஷன் நின்றுபோன ஓர் அப்பத்தாவின் மனு விஷயமாக. வீட்டுக்குள் உட்கார இடம் தேடினேன். தரையெல்லாம் பாத்திரம். சட்டி, குண்டான், பிளாஸ்டிக் வாளி, பழைய பெயிண்ட் டப்பா. ஒவ்வொன்றிலும் சொட்டு விழும் சத்தம்.

"ஏழு எடத்துல ஒழுகுது தாயி. எட்டாவது எடத்துலதான் நான் படுக்குறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வீட்டுக்கு எழுதிக் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். ரெண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார். "ஓட்டு வீடு வச்சிருக்கீக, ஒங்களுக்கு எப்பிடி வரும்னு கேட்டாக. அரசாங்கந்தானே முன்னால கட்டிக் குடுத்துச்சு, மறுக்கா எப்பிடித் தருவாகன்னாக. சரின்னு வந்துட்டேன்."

அந்த "சரி"யைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இரண்டே காரணம் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்: தலைக்கு மேல் ஓடு இருக்கிறது, அதை ஏற்கெனவே அரசு கொடுத்திருக்கிறது. தேனி மாவட்டத்துக் காலனிகளில் நான் அதிகம் கேட்ட பதில்கள் இவை. இரண்டும் நியாயம் போலத் தோன்றும். இரண்டும் அநியாயம். ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஒரு ஓட்டுக் கூரை எப்படி வாழ்கிறது, எப்படிச் சாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நம்மில் பலர் அதன் கீழே பிறந்தவர்கள்தான். ஆனாலும் யாரும் அதை நமக்குச் சொல்லித் தரவில்லை.

சாவது ஓடு இல்லை, மரம்

நாம் சீமை ஓடு என்று சொல்வது மங்களூர் ஓடு. 1865ல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியது. குயவர் கையால் செய்த நாட்டு ஓட்டை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்க வேண்டும். பூனை ஓடினாலும் நகரும். சீமை ஓட்டில் பள்ளமும் மேடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். அடியில் இருக்கும் குமிழ் ரீப்பரில் மாட்டிக்கொள்ளும். நன்றாக வெந்த ஓட்டைச் சுண்டினால் கணீரென்று சத்தம் வரும். அப்படிப்பட்ட ஓடு ஐம்பது வருஷம் சாதாரணமாகத் தாங்கும், நூறு வருஷமும் தாங்கும்.

ஆனால் ஓடு காற்றில் நிற்கவில்லை. ஓர் ஓடு இரண்டு, இரண்டரை கிலோ. நூறு சதுர அடிக் கூரைக்கு ஏறத்தாழ 140 ஓடு வேண்டும். ஒரு சின்னக் காலனி வீட்டின் கூரைக்கே நானூறு ஓடு வந்துவிடும். அதாவது ஏறக்குறைய ஒரு டன் எடை. மழையில் ஓடு தண்ணீர் குடித்தால் எடை இன்னும் கூடும். இத்தனையையும் சுமப்பது ரீப்பரும், அதைச் சுமக்கும் கைமரமும், அதற்கும் கீழே உத்திரமும். வைரம் பாய்ந்த பனங்கையோ தேக்கோ போட்ட வீடு இரண்டு தலைமுறை பார்க்கும். எஸ்டிமேட்டில் மிச்சம் பிடிப்பதற்காகக் காயாத மட்ட மரம் போட்ட வீட்டில் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் கரையானும் ஈரமும் உள்ளே புகுந்துவிடும். ரீப்பர் ஒரு விரற்கடை தொய்ந்தால் போதும், அந்த வரிசை ஓடுகளின் பூட்டு விடும். பூட்டு விட்ட இடத்தில் தண்ணீர் இறங்கும். இறங்கிய தண்ணீர் அடுத்த ரீப்பரை உளுக்க வைக்கும். ஓர் உடைந்த ஓட்டை உடனே மாற்றியிருந்தால் ஒரு ஓட்டு விலையோடு முடிந்திருக்கும். மூன்று மழைக்காலம் விட்டால் ஒரு பக்கக் கூரையே கேட்கும்.

அதனால் ஓட்டுக் கூரைக்கு வேலை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்கு முன் ஏறி, ஓட்டின் கால்வாயில் தேங்கிய சருகையும் பாசியையும் கூட்டித் தள்ள வேண்டும். நகர்ந்ததைத் திருப்பி மாட்ட வேண்டும். விரிசல் விட்டதை மாற்ற வேண்டும். வெயிலில் வெடித்துப்போன முகட்டு ஓட்டுச் சாந்தைச் சில வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகப் பூச வேண்டும். பல வருஷத்துக்கு ஒருமுறை ஓடு முழுவதையும் பிரித்து, உளுத்த மரத்தை மாற்றி, பழைய ஓட்டையே மறுபடி மேய வேண்டும். ஏறத் தெரியாதவர் ஏறினால் ரீப்பர் இருக்கும் இடம் பார்த்துக் கால் வைக்காமல் நாலு ஓட்டை உடைத்துவிட்டு இறங்குவார். இது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

நம் பள்ளத்தாக்கில் இன்னொன்றும் சேரும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. மலைக் கணவாய் வழியே இறங்கும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளே நிற்கின்றன. அந்தக் காற்று கூரையின் ஓரத்து ஓட்டைத்தான் முதலில் தூக்கும். அது நகர்ந்து கிடப்பது ஆடியில் தெரியாது, ஐப்பசியில் தெரியும்.

இப்போது சொல்லுங்கள், காலனியில் இந்த வேலையை யார் செய்வது? விடியும் முன்னே ஜீப்பில் குமுளி மெட்டும் கம்பம் மெட்டும் போடி மெட்டும் ஏறி, இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை செய்துவிட்டு இருட்டிய பிறகு இறங்கும் அக்காவா? கூரைக்கு ஒருநாள் நின்றால் ஒருநாள் கூலி போச்சு. ஆள் வைத்தால் அவருக்கும் கூலி. ஒரே ஒரு ஓடு வாங்கப் போனாலும் சிக்கல்: ஒரு கம்பெனி ஓட்டின் பூட்டு இன்னொரு கம்பெனி ஓட்டோடு சேராது. நாற்பது வருஷம் முன் வந்த ஓட்டுக்கு ஜோடி தேடி எங்கே போவது? கடைசியில் தார்ப்பாய் போட்டு மேலே கல்லை வைப்பார்கள். அந்தக் கல்லே இன்னும் இரண்டு ஓட்டை உடைக்கும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. "இவங்களுக்கு எவ்வளவு கட்டிக் கொடுத்தாலும் வச்சுப் பொழைக்கத் தெரியாது." பேருந்தில் கேட்டிருக்கிறேன், அலுவலக வராந்தாவில் கேட்டிருக்கிறேன், என்னோடு சமூகவியல் படித்தவர் வாயிலும் கேட்டிருக்கிறேன்.

அவர்களுக்கு ஒரு கேள்வி. வெள்ளைக்காரன் காலத்து ஓட்டுக் கூரை பங்களாக்களும் ரயில் நிலையங்களும் நூறு வருஷம் தாண்டியும் நிற்கின்றனவே, எப்படி? அங்கே இருந்தவர்கள் வச்சுப் பொழைக்கத் தெரிந்தவர்கள் என்பதாலா? அந்த அதிகாரிகளில் ஒருவராவது ஏணி வைத்து ஏறியிருப்பாரா? பொதுப்பணித்துறை என்று ஒன்று இருந்தது. ஆண்டுப் பராமரிப்பு என்று ஒரு கணக்குத் தலைப்பு இருந்தது. ஓடு உடைந்தால் மாற்ற ஆள் வந்தது. கூரைக்குப் பராமரிப்பு வேண்டும் என்பது அரசுக்கு நன்றாகத் தெரியும். அதிகாரி குடியிருக்கும் கூரையென்றால் அதற்கு ஒதுக்கீடு. நாம் குடியிருக்கும் கூரையென்றால் அதற்குப் பெயர் பழக்கக் குறைவு.

ஒருமுறை கொடுத்தாச்சு

கூரை நமக்கு எப்போதும் வெறும் கூரையாக இருந்ததில்லை. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் ஓடு வேய்வதே சாதி பார்த்துக் கொடுக்கப்பட்ட உரிமையாக இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிகள் ஓலைக்குக் கீழேதான் இருக்க வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது ஒரு கூரைக் குடிசைக்குள். ஆகவே எரியாத கூரை வேண்டும் என்று நம் தாத்தா பாட்டிகள் கேட்டது உயிர்ப் பிரச்சினை. அது சலுகை கேட்டதில்லை.

1974ல் தாட்கோ தொடங்கப்பட்டது ஆதிதிராவிடர்களுக்கு வீடு கட்டித் தருவதற்காக. 1985ல் இந்திரா ஆவாஸ் யோஜனா வந்தபோது அது பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கும் உரிய திட்டம். இவற்றில் வீடு வந்தது, நிஜம். அதற்குப் போராடியவர்களை மறக்கக் கூடாது. ஆனால் சாவியைக் கொடுத்து போட்டோ எடுத்த நாளோடு அரசின் கணக்கு முடிந்தது. பின்னாளில் இந்திரா ஆவாஸில் மேம்பாட்டுக்கென்று நிதியில் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். அதுவும் கச்சா வீட்டைப் பக்கா வீடாக்கத்தான். பக்கா என்று ஒருமுறை எழுதப்பட்ட வீடு ஒழுகுவது எந்தப் பத்தியிலும் வராது.

அன்று கட்டிய வீட்டில் ஒரு தம்பதி குடியேறினார்கள். இன்று அதே சுவருக்குள் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். பட்டா இறந்துபோன தாத்தா பெயரில். பேரன் மனு போட்டால், "இந்த வீட்டுக்கு ஏற்கெனவே கொடுத்தாச்சு." ஒரு தலைமுறைக்குக் கொடுத்த வீட்டைக் காட்டி மூன்று தலைமுறையின் உரிமையை அடைக்கிறார்கள்.

பட்டியலில் ஓடு என்ன சொல்கிறது

அப்பத்தாவுக்குச் சொன்ன முதல் காரணத்துக்கு வருவோம். ஓட்டு வீடு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கூரை எதனால் ஆனது என்று ஒரு கேள்வி. புல், ஓலை, மூங்கில் ஒரு பதில். பிளாஸ்டிக் ஒரு பதில். கையால் செய்த ஓடு தனி, இயந்திர ஓடு தனி. இயந்திர ஓடு நிரந்தரப் பொருள் என்ற கணக்கில் சேரும். தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும்கூட அந்தக் கணக்குதான். அதே 2011ல் எடுத்த சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பை அடிப்படையாக வைத்து 2016ல் பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்துக்குப் பட்டியல் போட்டார்கள். வீடே இல்லாதவர்கள், அல்லது இரண்டு அறைக்கு மிகாத, கச்சாச் சுவரும் கச்சாக் கூரையும் உள்ள வீட்டில் இருப்பவர்கள். சுவர் செங்கல், கூரை சீமை ஓடு என்றால் பெயர் வெளியே. அந்த ஓட்டில் எத்தனை உடைந்திருக்கிறது, ரீப்பர் இருக்கிறதா உளுத்ததா என்பது கேள்வியே இல்லை.

இதில் வேடிக்கை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டின் நிலை என்ன என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. நல்ல நிலை, வசிக்கத் தக்க நிலை, சிதிலமடைந்த நிலை என்று மூன்று பதில். ஆக, ஒழுகும் கூரையை எண்ணத் தெரியாத அரசில்லை இது. எண்ணத் தெரியும். வீடு கொடுக்கும் பட்டியல் போடும்போது மட்டும் பொருளைப் பார்க்கும், நிலையைப் பார்க்காது.

மாநில அரசின் கலைஞர் கனவு இல்லம், 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்கிறது. எட்டு லட்சம் கான்கிரீட் வீடு, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இலக்கின் பெயரே குடிசை. ஓலைக்குக் கீழே இருப்பவர் கண்ணுக்குத் தெரிகிறார். உடைந்த ஓட்டுக்குக் கீழே பாத்திரம் வைத்துப் படுத்திருப்பவர் தெரிவதில்லை. சிலர் என்னிடம் கேட்டதுண்டு: "ஓட்டை எடுத்துட்டு ஓலை போட்டா வீடு கெடைக்குமா?" இந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததற்கே இந்தத் திட்டங்களை எழுதியவர்கள் வெட்கப்பட வேண்டும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2024ல் தமிழ்நாடு அரசு, 2001க்கு முன் அரசுத் திட்டங்களில் ஊரகத்தில் கட்டிய 2.5 லட்சம் வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுது பார்க்கப்போவதாக அறிவித்தது. கட்டிக் கொடுத்த வீட்டுக்குக் கட்டிய பின்னும் பொறுப்பு உண்டு என்று அரசே ஒத்துக்கொண்டது அது. வகுத்துப் பார்த்தால் வீட்டுக்குச் சராசரி 80,000 ரூபாய். அதை நான் குறை சொல்லவில்லை. என் கேள்வி வேறு. இது ஒருமுறை செய்யும் பழுதா, ஆண்டுதோறும் செய்யும் பராமரிப்பா? ஓட்டுக் கூரை ஒரே தவணையில் குணமாகும் நோயில்லை. இன்று மரத்தை மாற்றி மேய்ந்துவிட்டு அடுத்த இருபத்தைந்து வருஷம் திரும்பிப் பார்க்காவிட்டால், நம் பிள்ளைகள் மறுபடி இதே கட்டுரையை எழுத வேண்டியிருக்கும்.

கான்கிரீட் போட்டால் தீர்ந்ததா?

தோழர்கள் சிலர் கேட்பார்கள்: ஓட்டைப் பற்றி எதற்கு இத்தனை பேச்சு, எல்லாருக்கும் தளம் போட்ட வீடு கேட்போம். கேட்போம். தளம் போட்ட வீடு என்பது ஊரில் தலை நிமிர்வு என்று எனக்கும் தெரியும். 1995ல் கொடியங்குளத்திலும் 2012ல் தருமபுரி நத்தம் காலனியிலும் உழைத்துச் சேர்த்துக் கட்டிய நம் வீடுகள்தான் கண்ணை உறுத்தின, குறி வைத்து அழிக்கப்பட்டன.

ஆனால் தொகுப்பு வீடுகளின் தளத்தைப் போய் அண்ணாந்து பாருங்கள். கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறது, காரை பெயர்ந்து தூங்கும் பிள்ளை மேல் விழுகிறது. ஓடு உடைந்தால் ஓர் ஓட்டை மாற்றலாம், துருப்பிடித்த கம்பியை அப்படி மாற்ற முடியாது. பராமரிப்பு இல்லாத இடத்தில் எந்தக் கூரையும் நிற்காது. அதற்குப் பயந்து நம் ஆட்கள் ஓட்டை விற்றுவிட்டு சிமெண்ட் ஷீட் போடுகிறார்கள். சித்திரை வெயிலில் அதற்குக் கீழே மனிதர் இருக்க முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் எந்த வகையானாலும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடைத்து, அறுத்து, துளை போடும்போது பறக்கும் தூசி நம் நுரையீரலுக்குள்தான் போகிறது. நாம் விற்ற பழைய ஓடு என்ன ஆகிறது? கழுவி அடுக்கி, மலை மேல் ரிசார்ட்டுக்குப் போகிறது. அங்கே அது பாரம்பரியம், குளிர்ச்சி. நம் தலைக்கு மேல் இருந்தவரை அது ஒழுகல்.

ஓடு மோசமான பொருள் இல்லை. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் கழித்துப் போட்ட மங்களூர் ஓடுகளைக் கான்கிரீட் தளத்துக்குள் வைத்தே நிரப்பி, சிமெண்டும் கம்பியும் மிச்சப்படுத்தி, சூடு குறைந்த வீடுகள் கட்டிக் காட்டினார். பழைய ஓட்டை வைத்தே புதுத் தளம் போடலாம். நம் காலனியைக் கட்டும் பொறியாளரிடம் இதை யாராவது கேட்டிருக்கிறோமா?

கேட்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

1. வீட்டுத் திட்டப் பட்டியலைக் கூரையின் பொருளை வைத்துப் போடாதே, நிலையை வைத்துப் போடு. சிதிலமான ஓட்டு வீடு வீடில்லை.

2. அரசு கட்டிக் கொடுத்த ஒவ்வொரு காலனி வீட்டுக்கும் ஆண்டுப் பராமரிப்பு நிதி வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் 2024ல் வந்துவிட்டது. அந்த நிதியில் இதற்கென்று தனித் தலைப்புக் கேட்போம்.

3. ஆடிக்குப் பிறகு, ஐப்பசிக்கு முன் ஒவ்வொரு காலனியிலும் கூரை பார்க்கும் வேலையைக் கூலியோடு கொடு. நம் பிள்ளைகளுக்கே ஓடு மேயப் பயிற்சி கொடு.

4. பட்டாவை இன்று குடியிருப்பவர் பெயருக்கு மாற்று, பெண்கள் பெயருக்கு. "ஒருமுறை கொடுத்தாச்சு" என்பதைக் குடும்பத்துக்குக் குடும்பம் கணக்கிடு, சுவருக்குச் சுவர் இல்லை.

மாணவத் தோழர்களே, இதற்கு ஆய்வு நிதி எதுவும் வேண்டாம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய் நாலு விஷயம் எழுதுங்கள்: எந்த வருஷம், எந்தத் திட்டத்தில் கட்டியது, எத்தனை இடத்தில் ஒழுகுகிறது, மரம் எப்படி இருக்கிறது, எத்தனை குடும்பம் குடியிருக்கிறது. கிராம சபை வருஷத்தில் ஆறு முறை கூடுகிறது. அந்த நோட்டைத் தீர்மானமாக எழுதி, பதிவேட்டில் ஏற்றிவிட்டுத்தான் வர வேண்டும். கட்டிய பிறகு உங்கள் ஊராட்சியில் எத்தனை காலனி வீடு பழுது பார்க்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்.

இன்னொன்று. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதல் வேலை வீட்டுப் பட்டியல் எடுப்பதுதான். நம் வீட்டில் பெரியவர்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. அரசாங்கத்து ஆள் நோட்டோடு வந்து வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கு சார்" என்பார்கள். ஓட்டு வீடு என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்கள். ஓலையிலிருந்து ஓட்டுக்கு வந்தவர்களின் பெருமை அது, அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அன்றைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஒழுகும் இடத்தைக் காட்டுங்கள். சிதிலமான வீட்டைச் சிதிலமென்றே எழுத வையுங்கள்.

அப்பத்தாவிடம் மறுபடி ஒரு மனு எழுதி வாங்கியிருக்கிறேன். இந்த முறை "ஓட்டு வீடு" என்று எழுதி நிறுத்தவில்லை. ஏழு இடத்தையும் படம் எடுத்து, எந்தெந்த ரீப்பர் உளுத்திருக்கிறது என்று வரிசை போட்டு எழுதியிருக்கிறோம். கைநாட்டு வைத்துவிட்டு, "இதுக்கும் சரின்னு வந்துரணுமா தாயி?" என்று கேட்டார்.

இல்லை அப்பத்தா. இந்த முறை "சரி" என்று அவர்கள் சொல்லட்டும்.

ஜெய் பீம்.